எழுபத்தொன்பது டிகிரி

பர்மா பஜாரில் பாஸில் கொடுக்கும்போதே
அது பூட்டு உடைத்த பெட்டி.
"சிப்பு மாத்தியாச்சுண்ணே, எந்த ஊரு கேமும் ஓடும்.
என்ன, வயசாச்சா, சீக்கிரம் சூடாயிடும்."
எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.
பேரம் பேசாமல் வாங்கிவந்தேன்.

தண்டையார்பேட்டை, மூன்றாம் மாடி, தலைக்கு மேலே மொட்டைமாடி.
பகலெல்லாம் தளம் குடித்த வெயிலை
பதினோரு மணிக்கு மேல்
எங்கள் மேல் துப்பத் தொடங்கும்.
மூன்றாவது மேட்சில் பெட்டி இரையும்,
வெயிட்டு வைக்காத குக்கர் போல.
பிறகு மூன்று பீப், ஒரு சிவப்பு விளக்கு.
கறுத்த டிவியில் என் மூஞ்சி.

"ஐஸ் வையேன் மச்சான்" என்றான் காசிமேட்டு டெல்லஸ்,
மீன்பெட்டி நிறைய ஐஸோடு படியேறி வந்து.
எப்சிபா வாசலிலேயே மறித்தாள்.
"உள்ள வேர்க்கும். வேர்த்தா ஷார்ட்டு.
காய்ச்சல்காரனக் கடல்ல தூக்கிப் போடுவியா?"
அவள் ஸ்டான்லியில் நர்ஸ்.
ஐஸ் அன்றைக்கு மோரில் கரைந்தது.
மோரில் லேசாக வஞ்சிரம் மணந்தது.

ஞாயிறு, கோயில் முடிந்து வந்து
முட்டை அட்டையில் திருகுகளை வரிசையாய் வைத்தாள்,
குழிக்கு ஒன்று, கழற்றிய வரிசைப்படி.
மூடியைத் தூக்கினால்
உள்ளே எங்கள் ஏரியா படுத்திருந்தது.
எண்ணூர்ச் சாம்பல், ஹார்பர் கரித்தூள்,
கன்டெய்னர் லாரி கிளப்பிய மண்,
உப்பு பூத்த தகரம்,
எப்சிபாவின் நீள முடி ஒன்று விசிறியில் ஏழு சுற்று,
கதகதப்புக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட கரப்பான்.
இத்தனையும் மூச்சில் இழுத்துக்கொண்டா
எனக்கு இவ்வளவு நாள் கோல் போட்டுக் கொடுத்தாய்?

விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினாள்.
சிப்பின் மேல் பழைய பேஸ்ட்
பீடாக்கடைக் கரண்டியில் காய்ந்த சுண்ணாம்பு.
ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டால்
சுற்றிச் சுற்றித் துடைத்து
புதுசு ஓர் உளுந்து அளவு வைத்தாள்.
"இன்னும் கொஞ்சம்?" என்றேன்.
"மருந்து அதிகமானாலும் சூடுதான்" என்றாள்.

வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் அலமாரிக்குள் இருந்ததை
வெளியே இறக்கினோம்.
சுவருக்கு ஒரு சாண் தள்ளி,
அடியில் நான்கு சோடா மூடி.
உடைத்த பூட்டால் ஒரு லாபம்:
திரையின் மூலையில் சூடு எண்ணாய்த் தெரியும்,
விசிறி வேகம் நாமே வைக்கலாம்.
நாற்பத்தைந்து சதவீதத்துக்கு ஏற்றினாள்.
மருந்துக்கடைக் காலண்டரின் முதுகில் சார்ட் போட்டாள்.
எட்டு பத்து, அறுபத்திரண்டு.
ஒன்பது, அறுபத்தெட்டு.
ஒன்பது நாற்பது, எழுபத்தொன்பது, லோ வோல்டேஜ்.

அந்த எழுபத்தொன்பதில்தான் சண்டை.
நான் இரண்டுக்கு ஒன்று முன்னால் இருந்தேன்,
மேட்ச் முடிய நாலு நிமிஷம்,
ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.
"தோக்கப்போறன்னு அணைச்ச!"
"பேஷன்ட்டோட அட்டெண்டர் மாதிரி கத்தாத."
இரண்டு நாள் பேசவில்லை.
சார்ட்டில் மட்டும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டோம்,
அவள் நீலத்தில், நான் பென்சிலில்.

இப்போது வீட்டின் ஒரே டேபிள் ஃபேன்
பெட்டியைப் பார்த்து நிற்கிறது.
நாங்கள் அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்து
மிச்சக் காற்றில் ஆடுகிறோம்.
வியர்வையில் ரிமோட் வழுக்குகிறது.
பெட்டி அறுபத்தாறைத் தாண்டவில்லை.
எங்களுக்கு எத்தனை டிகிரி என்று மூலையில் காட்டுவதில்லை.

முட்டை அட்டையில்
ஒரு குழியில் மட்டும் இன்னும் ஒரு திருகு.
எந்த ஓட்டையுடையது என்று
அவளுக்கும் தெரியவில்லை.
பெட்டியும் கேட்கவில்லை.
தர்மாமீட்டர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.
ஆட்டினால் சத்தம் வருகிறது.