அரையடி

மின்விசிறியை முதலில் நிறுத்திவிடுவோம்.
மே மாதம், நாலு ரோடு,
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி, தகரக் கூரை.
காற்றடித்தால் தாள் நடுங்கும்.
தாள் நடுங்கினால் கோடு இரண்டாகும்.
ஆகவே வியர்க்கிறோம், நானும் சுபாஷிணியும்,
மணிக்கட்டில் கர்சீப் சுற்றிக்கொண்டு,
ஒரு துளியும் கீழே விழாமல்.

கருப்பூர்ப் பக்கம் ஒரு சேகோ பேக்டரி.
பேங்கில் ஆட்டோகேட் ஃபைல் கேட்கிறார்களாம்.
கிழங்கு மூட்டை கட்டும் சணலால் சுற்றி வந்திருந்தது
எழுபத்தொன்றாம் வருஷத்து அம்மோனியா பிரிண்ட்,
எட்டாக மடித்து, மடிப்பெல்லாம் விண்டு.
அடியில் ஒரு காட்டன் துணி, மேலே ஒன்று,
வெதுவெதுப்பாக இஸ்திரிப் பெட்டி.
சுருக்கம் போனது.
புளித்த மாவு வாசம் போகவில்லை.

ஸ்கேனர் தாளை இழுத்துக்கொண்டது,
மாடு வைக்கோலை இழுப்பதுபோல், அவசரமில்லாமல்.

பிறகு மென்பொருள். அது வெள்ளந்தி.
கண்ணில் பட்டதையெல்லாம் நம்பும்.
டீ கிளாஸ் வைத்த கறையை
ஒன்றேகால் அங்குல ஆரத்தில் வட்டம் என்றது.
மடிப்பை மையக்கோடு என்றது.
நசுங்கிய கொசுவுக்கு ஆறு கால், ஆறு கோடு,
எல்லாம் ஒரே தடிப்பில்,
சுவருக்குக் கொடுத்த அதே மரியாதையில்.

அழிப்பதுதான் என் வேலையில் பாதி.
தாளுக்கு முந்நூற்றைம்பது.
அழித்ததற்குத் தனிக் கூலி கிடையாது.

வலது ஓரத்தில் பென்சிலில் யாரோ:
மேஸ்திரிக்கு பாக்கி 40.
எந்திரத்துக்குத் தமிழ் வராது.
நூற்றுப் பதினேழு துண்டுக் கோடுகளாக உடைத்து
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு கொடுத்திருந்தது.
'மே'யின் கொம்பு
தொட்டிச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

கூட்டிப் பார்த்தேன்.
மூன்று தொட்டி, தொட்டிக்கு இருபதடி.
நாலு சுவர், சுவருக்கு ஒன்பது அங்குலம்.
அறுபத்து மூன்று.
வரைந்தவர் கீழே மொத்தம் என்று எழுதியது
அறுபத்து மூன்றரை.
மூன்றா எட்டா என்ற மயக்கமில்லை,
எவ்வளவு பெரிதாக்கினாலும் தயங்காத கை.
தாள் சுருங்கியிருக்கும் என்றாள் சுபாஷிணி.
தாள் சுருங்கினால்
எண்ணுமா சுருங்கும்?

போன் செய்தேன். சூப்பர்வைசர் அர்த்தனாரி,
பின்னால் மோட்டார் இரைச்சல்.
ஷிஃப்ட் நடக்குதும்மா, அளந்துட்டுக் கூப்பிடறேன்.
இருபது நிமிஷம் கழித்து, மூச்சிரைக்க:
நடுத்தொட்டி இருபதடி ரெண்டங்குலம்.
மூணாவது சுவரு பூசிப் பூசிப் பதினொண்ணு ஆயிருச்சு.
மொத்தம் அறுபத்து மூணடி நாலு.
எது தோதோ அதைப் போட்டுக்குங்க.
மாவுப்பாலுக்கு இதெல்லாம் எங்கம்மா தெரியும்,
எந்தத் தொட்டியில விட்டாலும்
அது பாட்டுக்கு அடியில போய் உக்காந்துக்கும்.

கூட்டியது ஒன்று. எழுதியது ஒன்று.
நிற்பது வேறொன்று.
திரையில் ஒரு கோட்டுக்கு ஒரு நீளம்தான்.

அர்த்தனாரி அளந்த சுவரையே வரைந்தேன்.
மூலைகளை மட்டும் தொண்ணூறு பாகைக்கு நிமிர்த்தினேன்,
அதைச் சொன்னால் அவர் சிரிப்பார்.
பிறகு புதிதாக ஒரு லேயர், பெயர் 'இதர':
டீக்கறை வட்டம், பென்சில் பாக்கி,
வரைந்தவரின் அறுபத்து மூன்றரை.
லேயர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு பல்பு இருக்கும்.
அதை அணைத்தேன்.
அச்சில் வராது. ஃபைலை விட்டும் போகாது.
கொசுவை அழித்துவிட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு அனுப்பியாயிற்று.
க்ளீனா இருக்கு மேடம் என்று பதில்.
சுபாஷிணி விசிறியைப் போட்டாள்,
தாள் ஒரு மூலையில் எழும்பி, மறுபடி படுத்தது.

பஸ்ஸில், ஜங்ஷன் மேம்பாலம் ஏறும்போதுதான் உறைத்தது.
அந்த நாற்பது ரூபாயைக்
கொடுத்தார்களா என்று
கேட்கவே இல்லை.