ஏழாம் வாய்ப்பாடு

குஷிரோவில் வெளியே மைனஸ் பதினொன்று.
குளியலறைச் சுவரில் வாய்ப்பாட்டுத் தாள்,
ஆவி படிந்து
ஏழாம் வரிசை மட்டும் தெரியவில்லை.

கழுத்துவரை வெந்நீரில் நாகிசா.
முன்பல் விழுந்த சந்தில்
"ஷிச்சி" சீழ்க்கையாகிப் போகிறது.
ஏழாறு நாற்பத்திரண்டு.
ஏழேழு நாற்பத்தொன்பது.
பிறகு
ஏழெட்டு நிமிடமாக ஏழெட்டிலேயே நிற்கிறாள்.

முடிக்காமல் எழுந்திருக்காதே
என்று சொல்லிவிட்ட யோஷினோ
கதவுக்கு இந்தப் பக்கம், கையில் துண்டோடு.
துறைமுகத்தில் நண்டுப் பெட்டி எண்ணும்போது
அவளும் அந்த இடத்தில்
எட்டேழு என்று திருப்பிப் போட்டே
இத்தனை வருஷம் தப்பித்தவள்.

தண்ணீர் ஆறுகிறது.

உள்ளே, வெளியே கேட்காது என்ற தைரியத்தில்,
மெல்ல:
"எட்டேழு..."

துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறாள் யோஷினோ.

"ஐம்பத்தாறு!"
சளக்கென்று தண்ணீர்.
ஏழொன்பதைச் சொல்லாமலே
எழுந்துவிட்டாள்.