மேலச்சுவர்

இருமல் மருந்து பாட்டிலில் மண் கொண்டு வந்தார்
ஞானதிரவியம்.
"இந்த நிறத்துல இருபது லிட்டர் வேணும்.
வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சுத் தோத்துட்டேன்.
ஆடிக் காத்து ஒரே ராத்திரியில
தேரியத் தூக்கிச் சுவத்துல அப்பிட்டுப் போயிருது.
இனி அதோட நிறத்துலயே இருந்துட்டுப் போவட்டும்."

திசையன்விளை பஜாரில் பெயிண்ட் கடை.
கலர் கலக்கும் இயந்திரத்துக்கு நான்தான் ஆள்.
பாளையங்கோட்டையில் வேதியியல் படித்தவள் என்பது
குழாய் அடைத்துக்கொள்ளும்போது மட்டும்
முதலாளிக்கு நினைவு வரும்.

மண்ணைக் காகிதத்தில் கொட்டி விரலால் பரப்பினேன்.
ஒவ்வொரு மணலும் உள்ளே வெறும் கல்,
மேலே ஒரு துருச் சட்டை.
மூன்றாம் குழாய், சிவப்பு: இரும்பு ஆக்சைடு.
நான்காம் குழாய், மஞ்சள்: அதுவும் இரும்புதான்,
கொஞ்சம் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.
வாணலியில் வறுத்தால் தண்ணீர் போய் அதுவும் சிவந்துவிடும்.
கறுப்பும் இரும்பு.
ஒரே ஆள், மூன்று வேட்டி.

(மேல் அலமாரியில் ஒரு பழைய டப்பா இருக்கிறது,
எலுமிச்சையைத் தோற்கடிக்கும் மஞ்சள். ஈயக் குரோமேட்.
விற்க மனமில்லை, எறியவும் இடம் தெரியவில்லை.
கேட்டு வருகிறவர்களிடம்
தீர்ந்துவிட்டது என்கிறேன்.)

முதல் கலவை அட்டையில் காய்ந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.
"இது கோயில் மதில்லா."
இரண்டாவது, செங்கல்.
மூன்றாவதில் கறுப்பு அரைச் சொட்டு.
ஒன்றும் சொல்லாமல் பாட்டிலைத் திறந்து
ஈரத்தின் மேல் ஒரு சிட்டிகை தூவினார்.
மண்ணைக் காணவில்லை.

டப்பா குலுங்கிக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன்,
இத்தனை வருடம் அவர் அடித்த வெள்ளை எது?
டைட்டானியம்.
அதுவும் ஏதோ ஒரு கடற்கரையின் கறுமணல்தான்.
அங்கே இரும்பும் அதுவும்
ஒரே படிகத்துக்குள் ஒட்டிக் கிடந்தன.
அமிலம் ஊற்றி இரும்பைக் கழற்றிவிட்டு
மிச்சத்தைச் சுட்டு எடுத்த வெண்மை.
வந்த வெளிச்சத்தையெல்லாம்
வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வெண்மை.

கழற்றிவிட்டதுதான்
ஆடிதோறும் காற்றேறிக்
கூடப் பிறந்ததைத் தேடி வருகிறதோ என்னவோ.
அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலையைக் குறைக்கச் சொல்வார்.

கம்ப்யூட்டர் நிறத்துக்குப் பெயர் கேட்டது.
'ஞானதிரவியம் மேலச்சுவர்' என்று தட்டினேன்.
வாங்கிக்கொண்டது.

பணத்தை எண்ணி வைத்தவர்
படியிறங்கித் திரும்பவும் ஏறி வந்தார்.
"கேட்டுக்கு மட்டும் ஒரு லிட்டர் எனாமல் குடும்மா. வெள்ளை."
ஏன் என்றேன்.
"காத்து வந்துட்டுன்னு
எனக்குத் தெரிய வேண்டாமா?"