தோற்ற பக்கத்து மாடுகள்

பதினைந்து மில்லிமீட்டர் உயரம்.
பகலில் நான் பல்செட் கட்டும் மேசையில்
இரவில் தஞ்சாவூர்க் குதிரைப்படை ஏறிக்கொள்கிறது.

மெழுகு அதே மெழுகுதான்.
கடைவாய்ப்பல்லின் பள்ளம் செதுக்கும் ஊசியால்
முண்டாசின் மடிப்பைக் கீறுகிறேன்.
அச்சில் காற்று புகுந்து
கன்னத்தில் குழியோடு பிறந்தவனை எறியவில்லை,
அம்மைத் தழும்பென்று வைத்துக்கொண்டேன்.
முன்னங்கால் இல்லாமல் வந்த குதிரைக்கு
செவ்வாய்க்கிழமை ஒரு கால் கட்டினேன்,
ஒரு ஹெட்மாஸ்டரின் மேல்தாடை காய்கிற நேரத்தில்.
அவரிடம் சொல்லவில்லை.

எதிரி பழையாற்றில் இருக்கிறார்,
ஐஸ் பிளாண்ட் கணக்கர் ஞானசிகாமணி.
அவர் பாடு சுலபம்:
கும்பினிக்காரனுக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளை வார்,
ஒரு டப்பாவில் நூறு பேர் முடிந்துவிடுவார்கள்.
என் ஆட்கள் என்ன உடுத்தியிருந்தார்களென்று
தேடிய புத்தகம் எதிலும் கிடைக்கவில்லை.
கப்பலில் வந்தவர்கள் எழுதியதில்
அவர்கள் ஓர் எண்ணிக்கை,
அதுவும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு.

ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் தீட்டினேன்.
மயிலாடுதுறை ஜங்ஷன் வாசலில் விற்ற
கனகாம்பரம் ஒருவனுக்கு.
சீர்காழி பஸ்ஸில் எதிர் சீட்டில் தூங்கியவரின்
சாயம் போன மஞ்சள் இன்னொருவனுக்கு.
மற்ற எல்லோருக்கும் வேட்டி.
வெள்ளை இல்லை அது.
ஒரு துளி சாம்பல், ஒரு துளி வெற்றிலைக் காவி,
ஆற்றில் அலசிய பழுப்பு.
நாளெல்லாம் பல்லுக்கு நிறம் பொருத்துகிறவளுக்கு
வெள்ளை என்று தனியாக ஒன்று கிடையாது.

அப்புறம் மாடுகள்.
ஒரு பீரங்கிக்கு எட்டு ஜோடி, நான்கு பீரங்கி,
அறுபத்து நான்கு.
"மாடு சுடுமா?" போனில் சிரித்தார்.
மாடில்லாவிட்டால் அது வெறும் வெண்கலக் குழாய் என்றேன்.
மயிலை, செவலை, காரி.
நாலு காலிலும் வெள்ளை உறை போட்ட உம்பளச்சேரிகள்,
நெற்றியில் நட்சத்திரம்;
அதற்கு ஒற்றை மயிர்த் தூரிகை,
மூச்சை நிறுத்திக்கொண்டு.
ஆவணியில் தொடங்கி
குதிரைகளைவிட அவற்றுக்கே அதிக நாள் போனது.

மேசைப் பலகைக்குக் கொள்ளிடத்து வண்டல்.
சலித்தும் தப்பிய ஒரு கோரை விதை
கோட்டைச் சுவரோரம் முளைத்து
யானை உயரம் நின்றது.
பிடுங்கவில்லை.
விதிப்படி அதை மறைவிடம் என்று வாதிடலாம்.

ஐப்பசி ஞாயிறு. ஐஸ் பிளாண்டின் எடைபோடும் அறை.
வெளியே மழை, உள்ளே கரண்ட் இல்லை,
மீன் வாசனையில் இரண்டு மெழுகுவத்தி.
அவர் தெப்பத்தில் ஆள் கடத்தினார்.
நான் குதிரைகளை விட்டேன்.
தாயக்கட்டையில் தாயம் விழுந்தால் வீட்டில் கத்துவோம்;
இங்கே ஒன்று விழுந்தால் முப்பது பேரைக் கையில் எடுக்கணும்.
ஒன்று.
மறுபடி ஒன்று.
அம்மைத் தழும்புக்காரன் போனான்,
கனகாம்பரம் போனான்,
மூன்று காலும் என் ஒரு காலுமாக அந்தக் குதிரை
சுவர் வரைக்கும் போய்த் திரும்பவில்லை.
ஒன்பதாம் சுற்றில் படை கலைந்தது.

ஞானசிகாமணி கை கொடுத்தார்,
தன் சிவப்புகளை முட்டை அட்டையில் அடுக்கத் தொடங்கினார்.
மேசையில் மீதி மாடுகள்,
சேற்றில், நுகத்தோடு, நான் வைத்த இடத்தில்.

"இதுங்க என்ன ஆகும்?"

விதிநூலைப் புரட்டினேன்.
பீரங்கி ஜெயித்தவனுக்கு. வெடிமருந்து ஜெயித்தவனுக்கு.
மாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் அளவுகோலை எடுத்தார்.
"சேத்துல ரெண்டு அங்குலம்தானே?"
நுகத்தை நான் கழற்றினேன்.
பகடை இல்லாமல், பேச்சில்லாமல்,
ஆளுக்கொரு ஜோடியாக,
இரண்டிரண்டு அங்குலம்
தெற்கே, மேசை விளிம்பை நோக்கி.
பதினோரு சுற்று.
கடைசி பஸ் போயிருக்கும்.

கரண்ட் வந்தபோது
கோரைக்குப் பின்னால் ஒரு ஜோடி மட்டும் பாக்கி.
அவர் குனிந்து பார்த்தார்.
"மேயுது, விடுங்க."