தன்மை ஒருமை

இந்த வேலையின் முதல் விதி:
அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும்.
கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
மணித்தியாலத்துக்கு இவ்வளவு பிராங்க்,
ஆராவ் வரைக்குமான ரயில் காசு தனி.

ஆகவே கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை,
ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஜேர்மன் மொழியில்
எனக்கு இரைப்பையில் புற்றுநோய்.
முப்பத்தொரு வருடம் பேக்கரி அடுப்படியில் நிற்கிறேன்.
மீசை உண்டு. பெயர் அருளப்பு.

டொக்டர் எக்லி ஒரு தாளில் கீறிக் காட்டினார்.
முதலில் நாலு முறை மருந்து, இரண்டு கிழமைக்கு ஒன்று.
பிறகு கத்தி.
பிறகும் நாலு முறை மருந்து.
கட்டி சுவரைத் தாண்டிவிட்டது,
கத்தியால் மட்டும் ஆகாது, மருந்தால் மட்டும் ஆகாது.
உணவுக்குழாயிலிருந்து குடலுக்கு ஒரே கோடாக இழுத்தார்,
இடையில் ஒரு ஸ்டேஷனை மூடிவிட்ட பாதை மாதிரி.

"வயித்துக்குள்ள புளியைக் கரைக்குது" என்றார் அருளப்பு.
விதிப்படி சொன்னேன்:
என் வயிற்றுக்குள் யாரோ புளி கரைக்கிறார்கள்.
டொக்டர் நிமிர்ந்தார்.
எப்போதிருந்து? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?
அமிலம் என்று எழுதினார்.
பதினொரு வருடத்தில் அன்றுதான் விதியை உடைத்தேன்.
அது நோய்க்குறி இல்லை, டொக்டர். பயம்.
அவர் எழுதியதை வெட்டவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மருந்தும் பனியும் ஒன்றாக வந்தன.
இடுப்பில் ஒரு போத்தல், ஒரு முழு நாள் சொட்டும்.
ஃபிரிட்ஜைத் திறந்தால் விரலில் ஊசி,
பஸ் கம்பியைப் பிடித்தால் ஊசி.
"மா குழைச்ச கை" என்று விரலைப் பார்த்துச் சொன்னார்.
அப்போது அறையில் டொக்டர் இல்லை.
அது கணக்கில் வராத வாக்கியம்.

மாசிக் கடைசியில் வெட்டினார்கள். ஆறு மணித்தியாலம்.
என்னைக் கூப்பிடவில்லை,
மயங்கிக் கிடப்பவருக்கு எந்த மொழியும் தேவையில்லை.
வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.
கை தானாகப் போய் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது.

பிறகு வர வேண்டிய நாலில் இரண்டோடு நிறுத்தினார்கள்,
உடம்பு தாங்கவில்லை.
"அப்ப காணுமோ?" என்று கேட்டார் அவருடைய மனைவி புனிதவதி.
டொக்டரின் பதிலில் "இப்போதைக்கு" என்றொரு சொல் இருந்தது.
அதை விழுங்கிவிடலாம் போல இருந்தது எனக்கு.
விழுங்கவில்லை.

ஆனியில் போனபோது
பாணின் நடுவை மட்டும் பிய்த்துப் பாலில் நனைத்து
கடிகாரம் பார்த்து மென்றுகொண்டிருந்தார்.
ஒரு நாளைக்கு எட்டுத் தரம், ஒவ்வொரு தரமும் ஒரு பிடி.
ஸ்கேன் முடிவுக்கு இன்னும் நாலு நாள்.
எப்படி இருக்கிறது, டொக்டர் கேட்டார்.

"பயந்தான். ஆனா
புளி கரைக்க இனிப் பானை இல்லையே."

வாயைத் திறந்தேன்.
முதலில் சிரிப்புத்தான் வந்தது,
அது அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.
டொக்டர் பேனையோடு காத்திருந்தார்.