மட்டக் குழாய்

கஸ்பாவில் சாக்கடைப் பள்ளம்.
பாலாற்றில் இல்லாத தண்ணீரெல்லாம்
இங்கே ஊறுகிறது.
மோட்டார் இரண்டு முறை சேறு குடித்துச் செத்தது.

"பக்கெட்ல ஓட்டை போட்டு, ஜல்லி கொட்டி,
அதுக்குள்ள குழாயை விடலாம்" என்றேன்.
மேஸ்திரி முனிரத்தினம் திரும்பவில்லை.
"சட்டி தூக்க வந்தவ" என்றான் தெய்வசிகாமணி,
பாதி பீடியில்.

மூன்றாம் முறை செத்தபோது
ஆணியைக் காய்ச்சி
என் பக்கெட்டை நானே துளைத்தேன்.
நாலு மணிக்குத் தரை தெரிந்தது.
கூலி அதே நானூற்றைம்பது.

மறுநாள் அவரே கேட்டார்:
"இன்னா டெய்சி, முட்டுப்பலகை வேணுமா?"
நேற்றைய பக்கெட் இன்னும் தலையில் இருந்தது.
"வேணாம், மண்ணு கெட்டி" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் சரிந்தது.
உள்ளே யாருமில்லை.
இரண்டு மண்வெட்டி,
தெய்வசிகாமணியின் ஒரு செருப்பு.

இன்ஜினியர் வண்டியை நிறுத்துமுன்னே
போய் நின்றேன்:
"நான் சொன்னதுதான் சார்."
அரை நாள் கூலி போனது.

திங்கட்கிழமை
மட்டக் குழாயின் ஒரு முனையை
மேஸ்திரி என்னிடம் நீட்டினார்.
இருபதடி தள்ளிப் பிடித்து நின்றேன்.

"நின்னுச்சா?" என்று கத்தினார்.
"இல்ல, இன்னும் ஆடுது."

காத்திருந்தார்.