கதிரைகளுக்கு அடியில்

ஆட்டம் முடிந்து ஒரு மணிநேரம்.
பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.
ஒன்ராறியோ ஏரிக் காற்றுக்கு மட்டும்
இன்னும் விசில் ஊதவில்லை;
காலிக் கோப்பைகளைப் படிப்படியாய் உருட்டிக்கொண்டிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே புல்லே இல்லை.
பச்சைக் கம்பளம்.
அதில் தூவிய கறுப்பு ரப்பர்த் துகள்
சப்பாத்தில் ஏறி டிராமில் வந்து
எங்கள் சோற்றுப்பானைக்குப் பக்கத்திலும் கிடந்தது.
பிறகு பண்ணைப் புல்லைப்
பாய்போல் சுருட்டி வந்து விரித்தார்கள்.
அடியில் சூடேற்றும் குழாய்கள்.
வேருக்குச் சளி பிடிக்காதாம், என்றாள் ஒலிந்தா.
எங்கள் நிலவறை வீட்டில்
வெந்நீர் வராத மாதம் அது.

தேசிய அரங்கம் என்று பெயர்.
எந்தத் தேசம் என்பதை
அன்றன்றைக்குக் கூட்டம் சொல்லும்.
ஒருநாள் ஹொண்டுராஸ் நீலம்,
ஒருநாள் ஜமைக்கா மஞ்சள்.
சொந்த அணி பந்தைத் தொட்டால்
ஊளையிடுவார்கள், இந்த ஊர்க்காரர்களே.

உன் கொடி எது என்று ஒலிந்தா கேட்டிருக்கிறாள்.
அந்தக் கேள்வி வரும்போதெல்லாம்
நான் சுயிங்கம் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

இன்று பனி தூறிற்று. கூட்டம் முழுக்கச் சிவப்பு.
நூற்றுப் பதினோராம் பகுதியில்,
ஈரமாய், ஒரு கதிரைக்கு அடியில்
இரண்டு கொடிகளை வெட்டி ஒட்டுப்போட்ட துணி.
பாதி மேப்பிள் இலை. மீதி ஜமைக்கா.
கைத்தையல். கோணல்.
ஓரிடத்தில் நூல் தீர்ந்து
வேறு நிறத்தில் தொடர்ந்திருக்கிறது.

தொலைந்த பொருள் படிவத்தில்
'எந்த நாடு' என்றொரு கட்டம்.
குளிரில் பேனா எழுதவில்லை.
ஊதி ஊதிப் பார்க்கிறேன்.
ஒலிந்தா அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.